16 வயதில் சாப்பாட்டோடு ஒரு பீர்: பிரிட்டன் சட்டம் என்ன சொல்கிறது?

"இங்கிலாந்தில் 16 வயதுப் பிள்ளைகள் பப்பில் உட்கார்ந்து பீர் குடிக்கலாமாமே, நிஜமா?" பிள்ளைகளை அங்கே வளர்க்கும் பெற்றோரும், இங்கிருந்து படிக்க அனுப்பியவர்களும் கேட்கும் கேள்வி இது. 16 ஆனால் போதும் என்பார் ஒருவர். இல்லவே இல்லை, 18 ஆக வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி. தவறான பாதியை நம்பி நடந்தால், அபராதம் கட்டப்போவது பெரும்பாலும் பிள்ளை அல்ல, பெரியவர். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். 2005 நவம்பர் 24-ஆம் தேதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி மது வாங்கக் குறைந்தபட்ச வயது 18. பப், உணவகம், ஹோட்டல், சூப்பர் மார்க்கெட், தெருமுனைக் கடை எதுவானாலும் 18-க்குக் கீழே உள்ளவருக்கு மது விற்பது குற்றம். அவர் தானாக வாங்குவதும் குற்றம், வாங்க முயன்றாலே குற்றம். மது விற்க உரிமம் பெற்ற இடத்தில் உட்கார்ந்து தெரிந்தே குடிப்பதும் குற்றம். அவருக்காகப் பெரியவர் ஒருவர் வாங்கித் தருவதும் குற்றம்தான்.

இவ்வளவு கறாரான சட்டத்துக்குள் ஒரு சின்ன விலக்கு இருக்கிறது. 16 அல்லது 17 வயதுள்ள ஒருவர், மேசையில் அமர்ந்து சாப்பிடும் உணவோடு, பீர், ஒயின், சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது) ஆகிய மூன்றில் ஒன்றை அருந்தலாம். அதை 18 வயது நிரம்பிய ஒருவர் வாங்கியிருக்க வேண்டும். சாப்பிடும்போது 18 வயது நிரம்பிய ஒருவர் கூட இருக்கவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் விலக்கு கிடையாது, பொது விதி திரும்ப வந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இங்கே உண்டு. சட்டத்தின் 146-ஆம் பிரிவு சிறுவர்களுக்கு மது விற்பதைப் பற்றியது. 149 வாங்குவதைப் பற்றியது, 150 குடிப்பதைப் பற்றியது. சாப்பாட்டு விலக்கு 149-இலும் 150-இலும் மட்டுமே இருக்கிறது, 146-இல் இல்லை. அதாவது, 17 வயதுப் பையனுக்கு உணவகம் பீர் விற்கச் சட்டம் எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை. உணவகம் விற்பது பெரியவருக்கு. பெரியவர் அதைப் பையனுக்குத் தருகிறார். பையன் அதைச் சாப்பாட்டோடு குடிக்கிறான். இந்த வரிசை மாறக் கூடாது. "இந்தா என் கார்டு, நீயே கவுன்டரில் போய் உனக்கொரு சைடர் வாங்கிக்கோ" என்று அப்பா சொல்லி அனுப்பினால், வாங்கப் போன பிள்ளை மீதும் விற்ற ஊழியர் மீதும் குற்றம் வருகிறது. அப்பா அதே அறையில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான்.

முன்பு இப்படி இல்லை. 1964-ஆம் ஆண்டின் பழைய உரிமச் சட்டம் 16 வயது நிரம்பியவர் சாப்பாட்டோடு பீர், போர்ட்டர், சைடர், பெரி ஆகியவற்றைத் தானே வாங்கிக் குடிக்க அனுமதித்தது. போர்ட்டர் என்பது கருநிற பீர் வகை, பெரி என்பது பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்கவைத்தது. பெரியவர் யாரும் கூட இருக்க வேண்டியதில்லை. மது பரிமாறும் பார் பகுதியாக இல்லாமல், சாப்பாட்டுக்கென ஒதுக்கிய இடமாக இருந்தால் போதும். ஒயின் அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைய சட்டம் நம்பியது சாப்பாட்டை. வயிற்றில் சோறு இருக்கிறது, உட்கார்ந்திருப்பது சாப்பாட்டு அறை, அதனால் அளவு மீறாது என்ற கணக்கு.

2003 சட்டம் அந்தக் கணக்கை மாற்றியது. ஒயினை உள்ளே சேர்த்தது, ஆனால் வாங்கும் உரிமையைப் பிள்ளையிடமிருந்து எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தது. சாப்பாடு இருந்தால் மட்டும் போதாது, பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும் என்றது. இந்த மாற்றம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். 16 வயதில் ஒரு பிள்ளை தவறான முடிவெடுத்தால், தடுக்கக்கூடியது தட்டில் இருக்கும் உணவல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்தான்.

அந்த மனிதர் யார் என்பதில்தான் எனக்குச் சட்டத்தோடு வருத்தம். கூட இருப்பவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாதுகாவலர், உறவினர் என்ற கட்டாயமும் இல்லை. 18 வயது நிரம்பியவராக இருந்தால் போதும். அம்மா, அப்பா, மாமா, சித்தி, கால்பந்துப் பயிற்சியாளர் யாராகவும் இருக்கலாம். போன வாரம் 18 முடிந்த பள்ளித் தோழனும் அந்தப் பெரியவர்தான். 17 வயது 11 மாதமான பிள்ளைக்கு 18 வயது ஒரு மாதமான நண்பன் பொறுப்பாளர் ஆகிவிடுகிறான். பெற்றோருக்குத் தெரியாமலே, சட்டத்தை ஒரு எழுத்தும் மீறாமல் இது நடக்கலாம். பிள்ளை நண்பர்களோடு சாப்பிடப் போகிறேன் என்றால் யாரோடு, எங்கே என்று கேட்டு வைக்க இந்த ஒரு காரணம் போதும்.

அடுத்து, எந்த மது என்பது. பீர், ஒயின், சைடர், அவ்வளவுதான். ஸ்பார்க்ளிங் ஒயினும் ஷாம்பெயினும் ஒயின் வகைதான். விஸ்கி, வோட்கா, ஜின், ரம் கிடையாது, அவற்றைக் கலந்த காக்டெய்லும் கிடையாது. ஜின்னில் டானிக் ஊற்றி எவ்வளவு நீர்க்கச் செய்தாலும் அது ஜின்தான். எத்தனை கோப்பை என்ற வரம்பைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பெரியவரின் நிதானமும் கடைக்காரரின் கண்ணும்.

எது சாப்பாடு என்பது இன்னும் சுவாரசியமான சிக்கல். சட்டம் "மேசை உணவு" என்று ஒன்றை வரையறுக்கிறது. மேசையிலோ, மேசையாகப் பயன்படும் கவுன்டர் போன்ற ஒன்றிலோ அமர்ந்து சாப்பிடும் உணவு அது. நின்றுகொண்டிருப்பவர்களுக்கும் பரிமாறும் கவுன்டர் என்றால் கணக்கில் வராது. உட்கார வேண்டும் என்பது தெளிவு. தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் தெளிவில்லை. ஒரு பாக்கெட் சிப்ஸும் கொஞ்சம் வேர்க்கடலையும் சாப்பாடு ஆகாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்கு மேலே போனால் விவாதம் தொடங்கிவிடும். பப் மூடும் நேரம் தாண்டியும் சாப்பாட்டோடு மது தரலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. அது தொடர்பாக 1965-இல் வந்த டிம்மிஸ் எதிர் மில்மன் வழக்கில், பீட்ரூட்டும் ஊறுகாயும் சேர்த்து வைத்த கனமான சாண்ட்விச்சை மேசை உணவாகவே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2020 டிசம்பரில் இதே கேள்வி நாடு முழுக்கப் பேசப்பட்டது. கொரோனாக் கட்டுப்பாடுகளின்படி இங்கிலாந்தின் பல பகுதிகளில் கணிசமான சாப்பாட்டோடு மட்டுமே பப்புகள் மது தர முடிந்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸிடம் ஸ்காட்ச் எக் ஒன்று சாப்பாடு ஆகுமா என்று கேட்டார்கள். வேகவைத்த முட்டையை இறைச்சிக் கலவையில் பொதிந்து, பிரெட் தூளில் புரட்டிப் பொரிப்பதுதான் ஸ்காட்ச் எக். மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறினால் அநேகமாக ஆகும் என்றார் அவர். அந்த விதி தற்காலிகமானது, பதின்ம வயதினருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் சாப்பாடு என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் என்னென்ன கேள்வி முளைக்கும் என்பது அந்த மாதம் எல்லோருக்கும் புரிந்தது. நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் மதிய உணவு என்று எதைச் சொல்வோமோ, அந்த அளவுக்குத் தட்டில் இருந்தால் பிரச்சினை வராது.

சாப்பாட்டோடு என்றால் சாப்பிடும் வேளையில் என்று பொருள். மேசை கிடைக்கும்வரை பார் பக்கம் நின்று ஒரு கிளாஸ், சாப்பிட்டு முடித்துத் தோட்டத்துப் பக்கம் போய் இன்னொரு கிளாஸ் என்பதெல்லாம் விலக்குக்குள் வராது.

நம் வீட்டுக் கல்யாண வரவேற்புகளில் இது நேரடியாக வந்து நிற்கும். லண்டனிலோ பர்மிங்காமிலோ ஒரு ஹோட்டலில் வரவேற்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே தட்டில் ஷாம்பெயின் கிளாஸ்களை வைத்துக்கொண்டு நிற்பார்கள். 17 வயதுத் தங்கை ஒன்றை எடுத்துக்கொள்கிறாள். சுற்றிலும் பெரியவர்கள், அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறார். இருந்தாலும் அங்கே மேசை உணவு இல்லை, நின்றபடி கொறிக்கும் பலகாரம்தான் இருக்கிறது. அது குற்றம். அரை மணி நேரம் கழித்து எல்லோரும் மேசையில் அமர்ந்து சாப்பிடும்போது, பெரியவர் வாங்கித் தந்த அதே கிளாஸ் குற்றமில்லை. அவள் தம்பிக்கு 15 வயது என்றால் எந்த நேரத்திலும் கூடாது, வாழ்த்துச் சொல்லும்போது ஒரு வாய் வைப்பது உட்பட.

இந்த 15 வயதுத் தம்பி விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வீட்டில் மது அருந்துவதைச் சட்டம் தடுப்பதில்லை. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, மருத்துவக் காரணம் இல்லாமல் மது தருவதைக் குற்றமாக்கியது 1933-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் சட்டம். வீட்டுக்குள் சட்டம் போடும் கோடு அது மட்டுமே. "வீட்டில் பண்டிகைக்கு ஒரு மிடறு கொடுக்கிறோமே, ஹோட்டலில் கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் இதிலிருந்துதான் வருகிறது. ஹோட்டல் உரிமம் பெற்ற இடம். அங்கே 16-க்குக் கீழே விலக்கே கிடையாது, அப்பா அம்மா இருவரும் இருபுறமும் உட்கார்ந்திருந்தாலும்கூட. பிள்ளை குடிப்பதைத் தெரிந்தே விட்டுவிடும் ஊழியரும் குற்றவாளி ஆகிறார். சின்னப் பிள்ளைக்கு உங்கள் கிளாஸை நீட்டும்போது, உங்களுக்குப் பரிமாறிய அந்தப் பெண்ணின் வேலையையும் சேர்த்து ஆபத்தில் வைக்கிறீர்கள்.

தண்டனை எவ்வளவு என்றால், வயது குறைந்தவர் தானே வாங்கினாலோ குடித்தாலோ 1,000 பவுண்டு வரை அபராதம். விற்றவருக்கும், சட்டத்தை மீறி வாங்கித் தந்த பெரியவருக்கும் முன்பு 5,000 பவுண்டு உச்சவரம்பு இருந்தது. 2015 மார்ச் முதல் அந்த வரம்பு நீங்கிவிட்டது, எவ்வளவு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஒரே இடத்தில் தொடர்ச்சியான 3 மாதங்களுக்குள் 2 முறை சிறுவர்களுக்கு மது விற்றால், அது தொடர் விற்பனை என்ற தனிக் குற்றமாகும். உரிமத்தை நிறுத்திவைக்கும் வரை அது போகலாம். பிரிட்டனில் உணவகமும் தெருமுனைக் கடையும் நடத்தும் தமிழர்கள் ஏராளம். பல குடும்பங்களுக்கு அந்த உரிமம்தான் சோறு. கல்லாவில் நிற்கும் அண்ணன் மகனுக்கு 146-ஆம் பிரிவு எண்ணாகத் தெரிய வேண்டியதில்லை, சாரம் தெரிந்தே ஆக வேண்டும். குறிப்பாக, சாப்பாட்டு விலக்கு கடைக்குப் பொருந்தாது. மேசையும் சாப்பாடும் இல்லாத கடையில் 18 என்றால் 18தான்.

சரி, எல்லா நிபந்தனையும் பொருந்தியிருக்கிறது, 17 வயது மகளோடு உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், இருந்தும் சர்வர் மறுக்கிறார். சண்டை போடலாமா? கூடாது. சட்டம் தந்திருப்பது குற்றத்திலிருந்து விலக்குத்தானே தவிர, கேட்டுப் பெறும் உரிமை அல்ல. 18-க்குக் கீழே யாருக்கும் எந்த நிலையிலும் மது இல்லை என்று சொந்த விதி வைத்திருக்கும் உணவகங்கள் நிறைய உண்டு. அது அவர்கள் விருப்பம். வயதை உறுதிசெய்யும் நடைமுறை ஒன்றை வைத்திருப்பது 2010 அக்டோபர் முதல் கட்டாயம். "சேலஞ்ச் 25" என்ற பலகையைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள் என்று அர்த்தம். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஹோலோகிராம் பதித்த "பாஸ்" என்ற வயதுச் சான்று அட்டை ஆகியவை செல்லும். மகளுக்கு 16 ஆகிவிட்டது என்பதையும் இப்படித்தான் காட்ட வேண்டியிருக்கும். பிறந்தநாள் விருந்துக்கு மேசை பதிவு செய்யும்போதே உணவகத்தின் விதி என்ன என்று கேட்டுவிட்டால், சர்வர் முன்னால் பிள்ளை கூனிக்குறுக வேண்டியிருக்காது.

பரிமாறுபவர் வயதிலும் இதே மாதிரி ஒரு விலக்கு உண்டு. பொதுவாக, 18 வயதுக்குக் கீழே உள்ள ஊழியர் ஒவ்வொரு முறை மது விற்கும்போதும் மேற்பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும். சாப்பாட்டுக்கென்றே ஒதுக்கிய பகுதியில், மேசை உணவோடு தரும் மதுவுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. பகுதி நேர வேலைக்குப் போகும் 17 வயது மாணவர் உங்கள் மேசைக்கு ஒயின் கொண்டுவருவது இதனால்தான் முடிகிறது.

இதுவரை சொன்னது அனுமதியைப் பற்றி. உடம்புக்கு நல்லதா என்பது வேறு கேள்வி, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த லியம் டொனால்ட்சன் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மதுவே இல்லாத இளமைப் பருவம்தான் ஆரோக்கியமானது என்கிறது. குடித்தே ஆவார்கள் என்றால் குறைந்தது 15 வயது வரையாவது தள்ளிப்போடச் சொல்கிறது. 15 முதல் 17 வரை என்றால், பெற்றோரின் வழிகாட்டலோடும் கண்காணிப்போடும், அரிதாக, வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் போகாமல் என்கிறது. பெரியவர்களுக்கே வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது 2016-இல் வந்த அறிவுரை. ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். 4 சதவீத பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, கிட்டத்தட்ட 2.3 யூனிட். 13 சதவீத ஒயின் 175 மில்லி கிளாஸும் ஏறக்குறைய அதே அளவு. பார்க்க மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று ஒயினைக் குறைத்து எடைபோட வேண்டாம்.

வீட்டில் பெற்றோர் முன்னால் பழகினால் வெளியே அளவோடு இருப்பார்கள் என்ற வாதம் அங்கே நிறையக் கேட்கும். அதை வைத்து ஒரு பிள்ளைக்குக் கிளாஸை நீட்ட எனக்கு மனம் வராது. வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் பழமைவாதி ஆகிவிடுவதில்லை. சட்டம் உங்களிடம் கொடுத்திருக்கும் முடிவில் "வேண்டாம்" என்பதும் அடக்கம். பிள்ளை "மற்ற வீடுகளில் எல்லாம் விடுகிறார்களே" என்று கேட்டால், பேச்சை வெட்டாமல் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம்.

பிரிட்டன் முழுக்க ஒரே சட்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்கு 2005-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கேயும் 16, 17 வயதினருக்குச் சாப்பாட்டோடு பீர், ஒயின், சைடர், பெரி ஆகியவற்றைப் பெரியவர் வாங்கித் தரலாம். வட அயர்லாந்தில் இந்தச் சாப்பாட்டு விலக்கே கிடையாது. கிளாஸ்கோவில் சரியாக இருந்தது, கப்பலேறி பெல்ஃபாஸ்டில் இறங்கியதும் குற்றம். ஐரோப்பாவுக்குள் போனால் ஜெர்மனியில் 16 வயதில் பீரும் ஒயினும் தானே வாங்கலாம், சாப்பாடு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்கா அதற்கு நேர் எதிர். 1984-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்றது. எல்லா மாநிலங்களும் 21-க்கு வந்துவிட்டன.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 2017 முதல் 23, இலங்கையில் 21. மலேசியாவும் 2017-இல் 18-இலிருந்து 21-க்கு உயர்த்திவிட்டது. லண்டனில் அம்மா அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் சைடர் அருந்திய 17 வயதுப் பிள்ளைக்குச் சென்னை ஹோட்டலிலோ கொழும்பு உணவகத்திலோ அந்த விலக்கு கிடையாது, 18 முடிந்து அங்கே சட்டப்படி பெரியவராகிவிட்ட அண்ணனுக்கும் கிடையாது. விமானம் ஏறும் முன்பே இரண்டு பேரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.